இரண்டு விரல் ஆழத்து ஈரம்

நேற்றுச் சாயங்காலம் வேலியோரத்துத் தோடம்பழக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிய மகனைப் பார்த்து நான் சத்தம் போட்டேன். ஒரு வாளித் தண்ணீரை நின்ற நிலையில் அடிமூட்டில் சளாரென்று கொட்டிவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பந்தடிக்கப் புறப்பட்டுவிட்டான். "தண்ணி ஊத்துனதுக்குமா ஏசுவாங்க?" என்று தங்கச்சியிடம் அவன் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. உங்கள் அம்மாவும் அவன் பக்கந்தான். "ஊத்தாட்டியும் ஏசுறீங்க, ஊத்துனாலும் ஏசுறீங்க. அவன் என்னாதான் செய்றது?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தால் வாயில் ஒழுங்காகப் பேச்சு வராது. அதனால் பிள்ளைகளே, உங்கள் இரண்டு பேருக்கும் இதை எழுதி வைக்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி வரை வாசியுங்கள். இது தண்ணீரைப் பற்றியது மட்டும் இல்லை. உங்களை ஒரு வருடம் அதிகமாக அத்தை வீட்டில் விட்டு வைத்ததைப் பற்றியதும்தான்.

நான் எல்கடுவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தவறணையில் வேலை செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். தேயிலை நாற்று வளர்க்கும் இடத்தைத்தான் தோட்டத்தில் தவறணை என்போம். அங்கே என் கையில் எப்போதும் பூவாளி இருக்கும். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், பனி விழுகிற மாதிரி தூவ வேண்டும். மண்ணின் மேல்பக்கம் வெளுத்துப் போகக் கூடாது; தண்ணீர் தேங்கவும் கூடாது. அதிகமாக ஊற்றினால் நாற்று அழுகிவிடும். "இவன் தண்ணி ஊத்துனா நாத்துக்குக்கூடத் தெரியாது" என்று கங்காணி மற்றவர்களிடம் சொல்வார். அந்த ஒரு பேச்சை நான் பத்து வருடம் தலையில் சுமந்துகொண்டு திரிந்தேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அந்தப் பெருமைதான் என்னை இங்கே கொண்டு வந்தது. மாத்தளை டவுனில் கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் ஏலக்காய் பார்க்க எங்கள் தோட்டத்துப் பக்கம் வருவார். சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்த காலம் அது. எங்களை இந்த நாட்டுக்காரர் என்று எழுதிக்கொள்ள ஆள் இல்லை. காணி கொடுப்பதற்கு யார் இருந்தார்கள்? அந்த நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"தம்பி, கன்டு வளக்கிறதுல ஒங்கட கையி நல்ல கையின்னு சொல்றாங்க. நாவுல பக்கம் எனக்கு ஒரு காணி ஈக்குது. மாங்கன்டு முப்பது வெக்கப் போறேன். பாத்துக்க ஏலுமா?"

"எங்க தங்குறது மொதலாளி?"

"இப்போதைக்கு ஒரு காவல் குடிசதான். யானை வார எடம். அதால புள்ளைங்கள கூட்டி வாராதீங்க. முப்பதுல இருவது கன்டு அடுத்த வருசத்து ஐப்பசி மழை வரைக்கும் நின்டா, இன்ஷா அல்லாஹ், ரெண்டு காம்பராவும் குசினியும் கல்லுல கட்டித் தாரேன். ஒங்கட குடும்பம் அதுல இருக்கலாம். யாரும் எழும்பச் சொல்ல மாட்டாங்க."

இருபது கன்று. அவ்வளவுதான் பேச்சு. நான் தவறணையில் ஆயிரக்கணக்கில் நாற்று வளர்த்தவன். முப்பதில் இருபதா என்று உள்ளுக்குள் சிரித்தேன். உங்களை அத்தையின் லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், விட்டுவிட்டு நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. "ஒரு வருசந்தான்" என்று அத்தையிடம் சொன்னேன். புறப்படும்போது பூவாளியையும் கங்காணியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதுதான் எனக்குக் கிடைத்த பரிசு மாதிரி.

ஐப்பசி மழையோடு கன்றுகளை வைத்தோம். தை வரைக்கும் மழை தானாகவே பார்த்துக்கொண்டது. மாசியில் வானம் மூடிக்கொண்டது. நான் பூவாளியை எடுத்தேன். சித்திரையில் நாலு நாள் பெய்ததை விட்டால், அதற்குப் பிறகு மேகம் என்று ஒன்றைப் பார்க்கவில்லை. வைகாசி பிறந்ததும் காற்று தொடங்கியது. எல்கடுவையில் காற்று ஈரமாக வரும். இங்கே வந்தது அடுப்புக்குள்ளேயிருந்து வருகிற காற்று. காயப்போட்ட துணி காலைச் சாப்பாடு முடிவதற்குள் காய்ந்து கிடக்கும்.

தண்ணீர் கால் மைல் தூரத்து ஓடையில். மணலில் குழி தோண்டி, ஊற ஊற அள்ளி, மண்ணெண்ணெய்த் தகரம் இரண்டைத் தடியில் கட்டித் தோளில் சுமந்து வருவோம். நாளுக்குப் பத்துத் தகரம். அதைக் கொட்டி வைக்க முதலாளி ஒரு தார்ப் பீப்பா கொடுத்திருந்தார். மூன்றாவது வரிசை முனையில், ஒரு கன்றை ஒட்டி அதை வைத்தோம். பத்துத் தகரத்தையும் முப்பது கன்றுக்குப் பங்கிட்டு, பாதியைக் காலையிலும் பாதியைச் சாயங்காலமும் தூவுவேன். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் மண் கறுப்பாக நனைந்து கிடப்பதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருக்கும். மத்தியானம் பார்த்தால் வெள்ளை வெளேரென்று காய்ந்திருக்கும். சரி, சாயங்காலம் ஊற்றத்தானே போகிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பீப்பா அடியில் ஒழுகியது. துவைக்கிற சவர்க்காரமும் துணியும் வைத்து அடைத்தேன். இரண்டு நாளில் திரும்ப ஒழுகியது. தேங்காய்ப்பொச்சு நார் வைத்து அடித்தேன். அதுவும் நிற்கவில்லை. சொட்டுச் சொட்டாக, மண்ணுக்கு மேலே தெரியக்கூட இல்லாமல், பீப்பாவுக்கு அடியிலேயே இறங்கிப் போகும். உங்கள் அம்மாவின் தோள் தோலுரிந்து கிடக்க, அவள் சுமந்த தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. பீப்பாவை எத்தனை தரம் காலால் உதைத்தேன் என்று கணக்கில்லை.

பக்கத்துக் காணியில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்த சிங்கள மனிதர் ஒருவர் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரை அய்யே என்பேன், அவர் என்னை மல்லி என்பார். அண்ணன், தம்பி என்று அர்த்தம். நாங்கள் சிங்களத்தில்தான் பேசுவோம். நான் பூவாளியோடு வரிசையில் போவதை வேலியில் சாய்ந்துகொண்டு பார்ப்பார்.

"மல்லி, மாமரத்துக்குச் சாமி கும்பிடுறியா, தீர்த்தம் தெளிக்கிற மாதிரி இருக்கே?"

"எங்க தோட்டத்துல இப்பிடித்தான் அய்யே. தெரிஞ்சாத்தானே ஒங்களுக்கு."

"அது சரி. தேயிலை பறிக்க எப்ப வரணும்னு சொல்லு, கூடையோட வாறேன்."

நானும் சிரித்தேன். ஆனால் அன்று முழுவதும் அது குத்திக்கொண்டே இருந்தது.

வைகாசி முடிவில் முதல் கன்று செத்தது. ஆனியில் நான்கு. இலை நுனி கருகும். பிறகு முழு இலையும் அப்பளம் மாதிரி ஆகும். உதிராமல் அப்படியே தொங்கும். நான் ஊற்றியது போதவில்லை என்று நினைத்து, மூன்று வேளையாக ஆக்கினேன். தண்ணீர் அதே பத்துத் தகரம்தான். தூவுவது மட்டும் அடிக்கடி. இப்போது யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பீப்பாவை ஒட்டி நின்ற கன்று மட்டும் செழித்தது. செம்புநிறத்தில் கொழுந்து விட்டது. அதற்குக் காரணம் என்ன என்று நான் யோசிக்காமல் இல்லை. யோசித்தேன். யோசித்து, பீப்பாவின் நிழல்தான் காரணம் என்று முடிவு செய்தேன். தவறணையிலும் பந்தல் போட்டு நிழல் கொடுப்போம் அல்லவா? உடனே அம்மாவையும் கூட்டிக்கொண்டு காட்டில் குழை வெட்டி, மற்ற இருபத்துநாலு கன்றுக்கும் சின்னச் சின்னப் பந்தல் போட்டேன். நாலு நாள் வேலை. ஐந்தாம் நாள் காற்று எல்லாவற்றையும் தூக்கிப் பக்கத்துக் காணியில் போட்டது. அய்யே ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து வேலியோரம் வைத்துவிட்டு, "மல்லி, உன் கூரையெல்லாம் என் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கு" என்றார்.

அதே வாரம் உன்னுடைய தபாலட்டை வந்தது, பெரியவனே. கோணல் எழுத்தில் மூன்று வரி. தங்கச்சிக்குப் பல் விழவில்லை, எனக்கு இரண்டு விழுந்துவிட்டது. அத்தை சுகம். அப்பா வீடு கட்டியாச்சா? உங்கள் அம்மா அதை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன். கடைசி வரியை நான் வாசிக்காமல் மடித்தேன். "இன்னும் ஒரு வரி இருக்கே, அத வாசிங்க" என்றாள். வரிகளை எண்ண அவளுக்குத் தெரிந்திருந்தது. வாசித்தேன். அவள் அட்டையைக் குடிசைக் கூரையில் செருகிவிட்டுத் தகரங்களை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டாள்.

ஆடிக் கடைசியில் ஒன்பது கன்று போய்விட்டது. மிச்சம் இருபத்தொன்று. பேச்சு இருபதுக்கு மேலே ஒரே ஒரு கன்றுதான் கூடுதல்.

ஒரு நாள் காலையில் ஒன்பதாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் நாள் சாயங்காலம்கூட அதற்குத் தண்ணீர் தூவியிருந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதன் அடிமூட்டைப் பிடித்து இழுத்தேன். மண்வெட்டி வேண்டும் என்றுதான் நினைத்தேன். வேண்டியிருக்கவில்லை. கீரைப்பாத்தியிலிருந்து கீரை வருகிற மாதிரி கையோடு வந்துவிட்டது. முக்கால் வருடத்துக் கன்று.

வேரைப் பார்த்தேன். கீழே போயிருக்க வேண்டிய வேர் எல்லாம் மேலேயே பாய் விரித்த மாதிரிப் பரவிக் கிடந்தது. சில வேர்கள் கொஞ்சம் கீழே போய், அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டு, வளைந்து மேலே திரும்பியிருந்தன. குழிக்குள் விரலை விட்டேன். இரண்டு விரல் ஆழத்துக்கு ஈரம். அதற்குக் கீழே இரும்பு அலவாங்கை இறக்கிக் கிளறினேன். மண் திருநீறு மாதிரி பறந்தது. மாசியிலிருந்து நாளுக்குப் பத்துத் தகரம் சுமந்து ஊற்றிய இடம் அது. ஒரு சொட்டு அந்த ஆழத்துக்குப் போயிருக்கவில்லை.

பிறகு என் கால் தானாகப் பீப்பாப் பக்கம் போனது. அதன் அடியில் தோண்டினேன். முழங்கை வரை கையை விட்டும் ஈரம் முடியவில்லை. குளிர்ந்திருந்தது. வேர் ஒன்று தடித்து நேராகக் கீழே போய்க்கொண்டிருந்தது. நான் அடைக்கப் பாடுபட்ட ஒழுகல். நான் உதைத்த பீப்பா.

அம்மா தண்ணீரோடு வந்தவள், தகரத்தை இறக்காமலே இரண்டு குழியையும் பார்த்தாள்.

"என்னாங்க இது?"

"மேல மட்டுந்தான் நனைஞ்சிருக்கு, புள்ள. கீழ ஒண்ணுமே இல்ல."

காய்ந்த குழிக்குள் காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு, "அப்ப ஆறு மாசமா நம்ம மண்ணோட மூஞ்சியத்தான் கழுவிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றாள். தகரங்களை இறக்கி வைத்துவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டாள். அவள் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து முறையை மாற்றினேன். கன்றின் அடியை விட்டு, இலை விரிகிற அகலத்துக்கு வட்டமாக வரம்பு கட்டினேன். வட்டத்துக்குள் அலவாங்கால் நாலைந்து இடத்தில் குத்தி மண்ணைத் திறந்தேன். ஒரு தகரம் ஊற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அது இறங்கி முடிய ஒரு வாய் வெற்றிலை மென்று முடித்துவிடலாம். பிறகு அடுத்த தகரம். ஒரு கன்றுக்கு நாலு தகரம். ஒரு நாளைக்கு இரண்டு கன்று, சில நாள் மூன்று. முதலில் ஊற்றியதற்குத் திரும்ப முறை வர எட்டு நாள் ஆகும். தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதே பத்துத் தகரம். அதே தோள். இதை மாசியிலேயே செய்திருக்கலாம்.

ஊற்றுவது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. ஊற்றாமல் இருப்பதுதான் கஷ்டம். ஏழு நாள் ஒரு கன்றைக் காய்ந்த மண்ணோடு பார்த்துக்கொண்டு சும்மா இருக்க, பத்து வருடம் பூவாளி பிடித்த கைக்கு முடியவில்லை. ஒரு நாள் அம்மா ஓடைக்குப் போன நேரம் பார்த்து, வாடிய ஒன்றுக்கு ரகசியமாகக் கொஞ்சம் தூவினேன். அவள் வந்து மண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"யாரு இது, மழை பேஞ்சிச்சோ?"

"கொஞ்சந்தான் புள்ள. வாடிக் கெடந்திச்சி."

"நீங்களுந்தான் வாடிக் கெடக்குறீங்க. ஒங்களுக்கும் தூவவா?"

அன்றைக்குப் பூவாளி காணாமல் போனது. எங்கே ஒளித்தாள் என்று அவள் இன்று வரைக்கும் சொல்லவில்லை.

ஆனால் பிள்ளைகளே, தெரிந்துகொண்டதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. மேலேயே வேர் விட்டுப் பழகிய கன்று, மேல் மண் காய்ந்ததும் கீழே போகிற பலம் இல்லாமல் தவித்தது. கீழே ஈரம் இருக்கிறது. வேர் அங்கே இல்லை. ஆவணியில் இரண்டு போயின. அதோடு பத்தொன்பது. நான் யாரிடமும் சொல்லாமல் நடந்து திரிந்தேன். புரட்டாசியில் இன்னும் இரண்டு. மற்றவை பிடித்துக்கொண்டன, எட்டாம் நாளும் வாடாமல் நின்றன. புரட்டாசி முடிவதற்குள் சிலவற்றில் கொழுந்துகூட வந்தது. ஐப்பசி மழை வந்தபோது பதினேழு நின்றன.

மழை விட்ட ஒரு நாள் முதலாளி வந்தார். குடையை ஊன்றிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார். எண்ணி முடித்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து எண்ணினார்.

"பதினேழு, தம்பி."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேரைப் பற்றி, பீப்பாவைப் பற்றி, எட்டு நாளுக்கு ஒரு முறையைப் பற்றி. ஒரு கன்றின் பக்கத்தில் தோண்டியும் காட்டினேன். மழை பெய்திருந்ததால் எல்லா இடமும் ஈரமாகத்தான் இருந்தது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"நீங்க பாடுபடல்லன்டு நான் சொல்லல்ல" என்றார். "ஆனா பேச்சு இருவது. தோட்டத்து ஆளு, கன்டு வளக்கத் தெரிஞ்சவருன்டு டவுன்ல எல்லாருக்கும் சொல்லி வெச்சேன். பதிமூணு வெத்துக் குழியோட எப்பிடி நான் கல்லு ஏத்துறது? பதிமூணு கன்டு திரும்பத் தாரேன். அடுத்த ஐப்பசிக்குப் பாப்போம்."

"புள்ளைங்க அங்க இருக்காங்க மொதலாளி."

"தெரியும் தம்பி." அவ்வளவுதான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. சொன்ன பேச்சைக் காப்பாற்றினார், நான்தான் காப்பாற்றவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது, கோபப்பட ஆள் இல்லாமல்.

கோபத்தை அய்யேயிடம் காட்டினேன். "ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, ஏன் ஒரு வார்த்தை சொல்லல்ல?" என்று வேலியில் நின்று கேட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீ கேக்கலியே மல்லி. வெள்ளைக்காரன் தோட்டத்துல படிச்சிட்டு வந்தவன் நீ. இதுல ஏதோ பெரிய வித்தை இருக்கும்னுதான் நான் தினமும் வேடிக்கை பார்த்தேன். நானே என் எலுமிச்சைக்கு அப்பிடித் தெளிச்சுப் பார்த்தேன், தெரியுமா? அதுவும் செத்துப் போச்சு."

நான் குடிசைக்குத் திரும்பிப் போனேன்.

அத்தைக்கு எழுதினேன். இன்னும் ஒரு வருடம் என்று. உனக்கும் ஒரு வரி எழுதினேன் பெரியவனே, வீடு கட்டத் தொடங்கப் போகிறோம் என்று. அது பொய். நீ அதை நம்பிப் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாய். அத்தை பின்னால் சொன்னாள்.

அடுத்த வருடத்து வறட்சியில் முப்பதில் ஒன்றுகூடப் போகவில்லை. வீடு வந்தது. இப்போது நீங்கள் படுத்துத் தூங்குகிற காம்பரா அதுதான். உங்களைக் கூட்டிவர நான் எல்கடுவைக்குப் போனேன். சின்னவளே, உனக்கு ஐந்து வயது. நீ அத்தையின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மா, இது யாரு?" என்று அவளிடம் கேட்டாய். அத்தை அழுதாள். நான் அழவில்லை. பஸ்ஸில் மாத்தளை தாண்டி நாலந்தா வரும் வரைக்கும் நீ என் மடியில் உட்கார மாட்டேன் என்று அண்ணனோடு ஒட்டிக்கொண்டிருந்தாய். மூன்று வயதில் விட்டுப் போன பிள்ளையை நாலு வயதில் கூட்டிவந்திருந்தால் அடையாளம் கண்டிருக்குமோ என்னவோ. அதை நான் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அதனால்தான் நேற்றுச் சத்தம் போட்டேன், பெரியவனே. நீ பந்தடிக்கப் போன பிறகு, நீ தண்ணீர் கொட்டிய இடத்தில் நான் தோண்டிப் பார்த்தேன். பாதி வழிந்து வேலிக்கு வெளியே ஓடியிருக்கிறது. மிச்சம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. குழியை மூடாமல் விட்டிருக்கிறேன். விடிந்ததும் போய் உன் விரலை விட்டுப் பார். பிறகு நாலு வாளி கொண்டு வா. நான் வெற்றிலையோடு அங்கே உட்கார்ந்திருப்பேன்.